பட்டியலில் இல்லாத பலகை

ஒரு சொல்லை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஆறு வருடம் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் நடமாட முடியுமா என்று கேட்டால், சாவியண்ணனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விடுதி முதலாளி நாலு பேர் முன்னால் அவரை நிற்கவைத்து, "கை சுத்தமா இருக்கணும்யா" என்று சொன்னார். அவ்வளவுதான். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. சாவியண்ணனுக்கு முதலாளி மேல் பெரிய கோபம் இல்லை. முதலாளி என்று ஒருத்தர் இருந்தால் ஏதாவது சொல்லத்தான் சொல்வார்; அவரிடம் 'சரிங்க' என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டால் போயிற்று. சொல்லவைத்த ஆள் மேல்தான் கோபம். அந்த ஆள் பதினோராம் அறைக்காரர். பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

மூன்று மாடி, பதினெட்டு அறை. தனியாட்கள் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் தங்குகிற விடுதி அது. கூட்டுவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது, குழாய் ஒழுகினால் இறுக்குவது எல்லாம் சாவியண்ணன் பொறுப்பு. இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதால் அந்தப் பெயர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மாதம் ஒருமுறை போன் வரும், "சாப்பிட்டியாப்பா" என்பதற்குள் அங்கே பிள்ளை அழும், வைத்துவிடுவாள். படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை, அதில் ஒரு கட்டில். அதுதான் வீடு.

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் அறைக் கதவுக்குப் பின்னாலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று, தலையணை ஒன்று, போர்வை இரண்டு, மேசை ஒன்று, நாற்காலி ஒன்று, கண்ணாடி ஒன்று, வாளி ஒன்று, கோப்பை ஒன்று. கீழே முதலாளியின் கையெழுத்து. ஆள் மாறினாலும் சரி, பூச்சி மருந்து அடித்தாலும் சரி, சுவருக்கு வண்ணம் பூசினாலும் சரி, அறையை மொத்தமாகக் காலி செய்து, கழுவி, அந்த அட்டையைப் பார்த்து மறுபடி அடுக்க வேண்டும். அட்டையில் இருப்பது இருக்கும். இல்லாதது இருக்காது. தங்குகிறவர்களின் துணிமணியும் புத்தகமும் அறை எண் எழுதிய சாக்குப்பையில் போய், வேலை முடிந்ததும் திரும்பி வரும். மற்றபடி உடைந்த பக்கெட், ஆடுகிற முக்காலி என்று என்ன கிடந்தாலும் பழைய சாமான்காரனுக்கு. ஓர் அறையைப் பன்னிரண்டு நிமிடத்தில் அட்டைப்படி கொண்டுவந்து நிறுத்திவிடுவார் சாவியண்ணன். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆறு வருடத்துக்கு முன் பதினோராம் அறைக்காரர் தன் தங்கைக்கு ஆபரேஷன் என்று பத்து நாள் ஊருக்குப் போயிருந்தார். அந்த வாரம் பார்த்து இரண்டாம் மாடிக்கு மருந்து அடித்தார்கள். மேசைக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்தது, பார்த்தால் பெட்டி உடைத்த மரம் போல இருக்கும். சாவியண்ணன் அதை எடுத்துப் போட்டார். பழைய சாமான்காரன் பத்தாம் நாள்தான் வந்து அதைக் கொண்டுபோனான்.

அன்றைக்கே அறைக்காரர் திரும்பி வந்தார். சாவியண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளில் அழகாக எழுதி முதலாளி மேசையில் வைத்துவிட்டுப் போனார்: பதினோராம் அறையில் இருந்த என் கால்பலகையைக் காணவில்லை, விசாரித்துச் சொல்லவும். முதலாளி விசாரித்த லட்சணம்தான் மேலே சொன்னது. அப்போது கூடத்தில் சலவைக்கு எடுக்க வந்த துணிக்காரம்மா இருந்தாள், தங்குகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். துணிக்காரம்மா பிறகு சமாதானமாக, "விடுண்ணே, ஒரு கட்டைக்குப் போயி நீ மனச ஒடச்சுக்காத" என்றாள். கட்டைக்காகத் திருடன் பட்டம் கட்டினால் தங்கத்துக்குக் கட்டினதைவிடக் கேவலம் என்பது அவளுக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு என்றால் ஒரே ஒரு வார்த்தை. காலையில் இறங்கிப் போகும்போது கையை நீட்டி "சாவி" என்பார் அறைக்காரர். திரும்பி வந்தாலும் "சாவி". சாவியண்ணன் வாயைத் திறக்காமல் வாங்குவார், கொடுப்பார். இரண்டு கல்லுளிமங்கன்கள்.

அறைக்காரருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். குள்ளமான ஆள், சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார். கம்ப்யூட்டரில் கோட் எழுதுகிற வேலை. முன்பு எங்கோ ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். எட்டு மாதமாக வேறு கம்பெனி, அறையிலிருந்தே வேலை. மேசை சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். காலையில் கால் மணி நேரம் லேப்டாப்பில் கூட்டம் நடக்கும். அதில் இவர் முறை வரும்போது இங்கிலீஷில் மூன்று வாக்கியம் சொல்வார், அதுவும் வேறு யாரோ பேசுவது போன்ற குரலில். அதன் பிறகு அந்த அறையிலிருந்து மனுஷக் குரல் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கை போன் செய்வாள், "ம்", "ம்", "சரிம்மா" என்று கேட்கும்.

தட்டச்சுச் சத்தம் மட்டும் ஓயாது. தாழ்வாரத்தைத் துடைக்கிறபோது சாவியண்ணன் அதைக் கேட்டிருக்கிறார். விறுவிறுவென்று கொஞ்சம் எழுதும் சத்தம், பிறகு ஒரே கட்டையைத் தட்டுகிற மாதிரி டொக் டொக் டொக் டொக். நாலு தட்டு, ஒரு நிறுத்தம். நாலு தட்டு, ஒரு நிறுத்தம். மணிக்கணக்கில் அப்படியே. பெரிய வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை முற்பகல், போனைப் பார்த்தபடியே இறங்கிய அறைக்காரர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் பிசகி எட்டுப் படி உருண்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. இடது கையில் இரண்டு விரல் சுளுக்கி, எல்லா விரலையும் சேர்த்துக் கட்டுப்போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது சாவியண்ணன்தான். போகிற வழியிலும் பேச்சில்லை, வருகிற வழியிலும் பேச்சில்லை. துணிக்காரம்மா மட்டும் சும்மா இருப்பாளா? "நீ தொடச்ச படியாண்ணே? ஆறு வருஷம் பொறுத்து இப்பத் தீத்துக்கிட்டியா?" என்றாள். படி காய்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் சாவியண்ணன் போய் அந்தப் படியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. அறைக்காரரால் பூட்டைத் திருக முடியவில்லை. கதவைத் திறப்பதும் பூட்டுவதும், ரொட்டியும் டீயும் கொண்டுவந்து மேசையில் வைப்பதும் சாவியண்ணன் தலையில் விழுந்தது. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். புதன்கிழமை காலையில் டீயை வைத்துவிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து, "கொஞ்சம் நில்லுங்க" என்று குரல் வந்தது.

ஆறு வருடத்தில் 'சாவி' அல்லாத முதல் வார்த்தை. சாவியண்ணன் நின்றார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியுமா?"

"சாவியில அடிச்சிருக்கற எழுத்தெல்லாம் தெரியும்."

"அது போதும். கொஞ்சம் உக்காருங்க."

விஷயம் இதுதான். அவர் எழுதி முடித்த ஒரு வேலையை வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் டீமில் ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பி, வரிகள் ஒழுங்காக இல்லை என்று இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. டீமுக்குத் தலைமை ஒரு சின்ன வயசுப் பெண். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள்: இந்த முறையும் திரும்பினால் இந்த வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்வார், உங்களை டீமிலிருந்து விடுவிப்பதுதான் இருவருக்கும் நல்லது. படியில் இறங்கும்போது அவர் படித்துக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த டீம் போனால் காலையில் கால் மணி நேரம் பேசுகிற அந்த மூன்று வாக்கியமும் போய்விடும். அதை அவர் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் போட்ட மேசையும் ஒற்றைக் கோப்பையும் சொல்லிவிட்டன.

கை உடைந்ததை டீமில் சொன்னீர்களா என்று சாவியண்ணன் கேட்டார். சொல்லவில்லை. சொன்னால், பரவாயில்லை நீங்கள் ஓய்வெடுங்கள், வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று பதில் வரும். அதற்குச் சொல்லாமலே இருக்கலாம் என்றார்.

சாவியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அறைக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையால் திரையில் ஒவ்வோர் இடமாகக் காட்டினார். எந்தக் கட்டை, எங்கே சொடுக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, வாழ்நாள் முழுக்கத் துடைப்பம் பிடித்த விரல் ஒன்று அந்தச் சின்னக் கட்டைகள் மேல் தேடித் தேடி இறங்கியது. நடுவில் ஒரு முறை, ஒரு சொடுக்குக்குப் பதில் இரண்டு சொடுக்கி எதையோ மூடிவிட்டார். அறைக்காரர் கண்ணை மூடித் திறந்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கோபப்படத் தெரியாத ஆள் போலிருக்கிறது என்று சாவியண்ணன் நினைத்தார். நினைத்த பிறகு, கோபப்படத் தெரியாதவன்தானே எழுதிக் கொடுப்பான் என்றும் நினைத்தார்.

அப்போதுதான் அந்த டொக் டொக்கின் ரகசியம் வெளியே வந்தது. டீமில் பன்னிரண்டு பேர் எழுதுகிறார்கள். யார் எழுதினாலும் ஒரே கை எழுதினது போல இருக்க வேண்டும் என்பது விதி. வரிக்கு முன்னால் எத்தனை இடைவெளி, எங்கே வரியை உடைப்பது, அடைப்புக்குறி எங்கே நிற்பது எல்லாவற்றுக்கும் கணக்கு. ஒப்படைக்கிற வாசலில் ஒரு சோதனை எந்திரம் இருக்கிறது; ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் திருப்பிவிடும். அதனால் எல்லோரும் ஃபார்மேட்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். எழுதுகிற எடிட்டரோடு ஒட்டிக்கொள்கிற சின்ன எக்ஸ்டென்ஷன். எழுதி சேவ் செய்ததும் கோணல்மாணல் எல்லாவற்றையும் அதுவே இழுத்து நேராக்கிவிடும். இவருக்கு அது வேலை செய்யவில்லை. சேவ் செய்வார். திரை அப்படியே இருக்கும். தப்பு என்றும் சொல்லாது, முடியாது என்றும் சொல்லாது. எட்டு மாதமாக ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்து, இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி, கையாலேயே ஒழுங்குபடுத்தியிருக்கிறார்.

சாவியண்ணனுக்குக் கேட்கவே ஆயாசமாக இருந்தது. பதினெட்டு அறை விரிப்பையும் இஸ்திரிப் பெட்டி இல்லாமல் உள்ளங்கையால் தேய்த்து மடிப்பெடுத்த மாதிரி.

"யாரையும் கேக்கலையா சார்?"

"இல்லை."

ஃபார்மேட்டர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். இருந்தது. சேவ் செய்ததும் வேலை செய் என்ற குறிப்பும் இருந்தது. அதெல்லாம் ஆயிரம் தடவை பார்த்தாயிற்று என்றார் அறைக்காரர். சிக்கல் எங்கேயென்றால், இருப்பது வெளியே, வேலை நடப்பது உள்ளே. டீம் ஆட்கள் எல்லோருக்கும் வேலை செய்கிற இடம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று, லேப்டாப்புக்குள்ளேயே ஓர் அறை போல அடைத்து வைத்திருக்கிறார்கள். கன்டெய்னர் என்று பெயர். கோட் இருப்பது அதற்குள். வெளியே உட்கார்ந்திருக்கிற ஃபார்மேட்டருக்கு உள்ளே கை எட்டாது.

"அப்ப உள்ளயும் ஒண்ணு போட்டுட வேண்டியதுதான" என்றார் சாவியண்ணன்.

போட்டார்கள். சாவியண்ணன் சொடுக்க, ஒரு கோடு ஓடி முடிந்தது. ஒரு வரியைக் கோணலாக்கி சேவ் செய்யச் சொன்னார் அறைக்காரர். வரி தன்னால் நகர்ந்து நேராக நின்றது. சாவியண்ணன் சிரித்துவிட்டார். அறைக்காரர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில இருக்காது" என்றார். கன்டெய்னரை அடிக்கடி இடித்துப் புதிதாகக் கட்டுவார்களாம், டீமில் யாராவது எதையாவது மாற்றியபடியே இருப்பார்கள், மாற்றினால் இடித்துக் கட்டித்தான் ஆக வேண்டும். இன்றைக்குக்கூட ஒரு மாற்றம் வந்து நிற்கிறது, அதை எடுத்துக்கொள்ளாமல் ஒப்படைக்க முடியாது. "இப்பவே காட்டறேன், அந்த மூலையில அமுக்குங்க" என்றார். அமுக்கினார். திரை இருண்டு, ஏதேதோ எழுத்து ஓடி, ஐந்து நிமிடம் கழித்து எல்லாம் பழையபடி வந்தது. ஃபார்மேட்டர் மட்டும் இல்லை.

"சேந்த முதல் வாரம் ரெண்டு தடவை உள்ள போட்டேன். ரெண்டு தடவையும் எடுத்துட்டாங்க" என்றார் அறைக்காரர் மெதுவாக. "சொந்தமா எதையும் கொண்டுவந்து வைக்கக் கூடாது போலன்னு விட்டுட்டேன்."

சாவியண்ணன் திரையையே பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அந்த அட்டை.

"இடிச்சுட்டுக் கட்டறாங்களே சார், அது எதப் பாத்துக் கட்டறாங்க?"

அறைக்காரரும் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு பைலைத் திறக்கச் சொன்னார். அதில் வரிசையாக ஐந்து பெயர்கள் இருந்தன. உள்ளே இருக்க வேண்டிய எக்ஸ்டென்ஷன்கள். அவர் இந்தப் பைலைப் பலமுறை பார்த்திருக்கிறார். அது டீமுடைய பைல், நமக்கென்ன என்று தாண்டிப் போயிருக்கிறார். ஃபார்மேட்டர் பெயர் அந்த ஐந்தில் இல்லை.

"யாரும் எடுக்கல சார்" என்றார் சாவியண்ணன். "பட்டியல்ல இல்ல. அதனால போச்சு. அவ்வளவுதான். கட்டறவன் பட்டியலத்தான் பாப்பான். உங்களத் தெரியுமா அவனுக்கு, உங்க பொருளத் தெரியுமா?"

அதைச் சொல்லி முடிக்கும்போது தான் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆறு வருடம் தொண்டையில் இருந்தது, நிறுத்த வரவில்லை.

"எங்கிட்டயும் நீங்க கேக்கல. பலகை எங்கன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா அந்தப் பழைய சாமான்காரன் பின்னாடி நான் ஓடியிருப்பேன். அன்னைக்கு அவன் தெருமுனை தாண்டல."

அறைக்காரர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேணும்னே எடுத்தீங்கன்னு நெனச்சேன். கேட்டா வாக்குவாதம் ஆயிடும். அதான் எழுதிக் கொடுத்தேன். அவர் அப்படிச் சொல்வார்னு எனக்குத் தெரியாது."

"பக்கத்துலதான நின்னீங்க."

"நின்னேன்."

டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. சாவியண்ணன் அதை எடுத்துக்கொண்டு கீழே போய், வேறு கொண்டுவந்து வைத்தார். மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை பாக்கியிருந்ததே.

பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அது பொதுப் பைல். சேர்ப்பதற்கு டீமில் கேட்க வேண்டும். கேட்டால் எட்டு மாதமும் வெளியே வந்துவிடும். இத்தனை வயசு அனுபவம் என்று சேர்த்துக்கொண்ட ஆள், சேர்ந்த முதல் வாரம் கேட்டிருக்க வேண்டியதை எட்டாம் மாதத்தில் கேட்கிறான். வேண்டாம் என்று சாயங்காலம் வரைக்கும் வேறு வழி பார்த்தார். உள்ளே இன்னொரு முறை போட்டுக்கொண்டு அவசரமாக ஒப்படைத்துவிடலாம் என்றார். சாவியண்ணன், "அடுத்த வாரம்?" என்றார்.

கடைசியில் வியாழக்கிழமை காலை, எழுதுங்கள் என்றார். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, சாவியண்ணன் தட்டினார். இரண்டு வரி முடிவதற்கு அரை மணி நேரம். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சூழலில் ஒழுங்குபடுத்தல் சில நேரம் சீராக இல்லாதது போலத் தோன்றுகிறது, கவனிக்கத் தக்கது என்று அர்த்தம்.

"இதுல 'எனக்கு வேல செய்யல'ங்கறது எங்க இருக்கு?"

"இல்லை."

"கை ஒடஞ்சது?"

"அதும் இல்லை."

"முதலாளிக்கு எழுதுன தாள் மாதிரியே இருக்கு" என்றார் சாவியண்ணன்.

அறைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார். புதிதாகச் சொன்னார். எட்டு மாதமாக என் கன்டெய்னரில் ஃபார்மேட்டர் இல்லை. நான் யாரையும் கேட்கவில்லை, கையால் செய்துவந்தேன். திங்கட்கிழமை கை உடைந்தது, இனி முடியாது. இந்த ஒரு வரியைப் பட்டியலில் சேர்க்கலாமா? ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போனார் சாவியண்ணன். அனுப்புகிற கட்டை மேல் விரலை வைத்துக்கொண்டு அறைக்காரர் முகத்தைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றார்.

பதில் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். சாவியண்ணனுக்கு மூன்றாம் மாடித் தாழ்வாரம் துடைக்கக் கிடந்தது. போகவில்லை. அறைக்காரர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சாவியண்ணன் கீழே கவனித்தார். அந்த நாற்காலி அவர் உயரத்துக்குக் கூடுதல். பாதம் தரையில் பதியவில்லை, விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. ஆறு வருடமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நாற்பது நிமிடம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. முதல் வரி: எட்டு மாதமா? அறைக்காரர் அதைப் படித்துவிட்டு அடுத்ததை உடனே படிக்கவில்லை. அடுத்தது இப்படி இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஃபார்மேட்டரைத் தங்கள் எடிட்டரின் சொந்த செட்டிங்கில் போட்டுவைத்திருக்கிறார்கள், அதனால் இடித்துக் கட்டும்போதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த ஆள், நீங்கள் சேர்வதற்கு முந்தைய வாரம் வேலையை விட்டுவிட்டார். பட்டியலில் இல்லாததை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. சேர்த்துவிடுங்கள். அதற்குக் கீழே வேறொருவன், நான் சேர்ந்த மூன்று வாரமாக எனக்கும் இல்லை, நானும் கையால்தான் செய்கிறேன் என்று எழுதியிருந்தான். இன்னொரு ஆள், கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடைசி வரியை அறைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று சாவியண்ணன் கேட்டார். தெரியவில்லை என்றார். உண்மையாகவே தெரியவில்லை. "பரவாயில்லைன்னு எழுதிடலாமா சார்?" என்றதற்கு, எழுதுங்கள் என்றார்.

வரியைச் சேர்த்தார்கள். மறுபடி இடித்துக் கட்டினார்கள். அறைக்காரர் எழுதி வைத்திருந்த பைலைத் திறந்து, சேவ் செய்யச் சொன்னார். நூற்றுக்கணக்கான வரிகள் ஓர் இமைப்பில் அசைந்து வரிசையில் நின்றன. இன்னொரு முறை செய்யச் சொன்னார். சாவியண்ணன் அமுக்கினார். ஒன்றும் அசையவில்லை.

"ஒண்ணும் நடக்கலியே சார், மறுபடியும் போயிடுச்சா?"

"இல்லண்ணே. நேராக்க இனி ஒண்ணும் பாக்கியில்ல."

அண்ணே என்றார். அவருக்கே தெரியாமல் வந்த வார்த்தை போலிருந்தது. மதியம் மூன்று மணிக்கு வாசல் எந்திரம் அந்த வேலையை வாங்கிக்கொண்டது. திருப்பவில்லை.

சாயங்காலம் சாவியண்ணன் பழைய சாமான் வைக்கிற அறையில் ஒரு தட்டுப் பலகையை எடுத்து அறுத்து, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்தார். மேலே கொண்டுபோய், மேசைக்கு அடியில் தள்ளினார். அறைக்காரர் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தார். "உயரம் சரியா இருக்கு" என்றார்.

ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். பூட்டை அவரே திருகிக்கொண்டார். அதன் பிறகு சாவியண்ணன் அந்த அறைக்குள் போய் உட்கார ஒரு காரணமும் இல்லை. வாளியும் துடைப்பமுமாகத் தாழ்வாரத்தில் போகும்போது பதினோராம் கதவருகில் கொஞ்சம் மெதுவாகும் நடை. உள்ளே விறுவிறுவென்று எழுதும் சத்தம் கேட்கும், நின்றுவிடும். டொக் டொக் இல்லை. எட்டு மாதம் ஒரு மனுஷன் மாட்டிக்கொண்டு அடித்த சத்தம் அது, நின்றது நல்லதுதான். ஆனாலும் மாடி முழுக்க ஆளில்லாத மாதிரி இருந்தது. காலையில் கை நீட்டுகிறபோது "சாவிண்ணே" என்றார் அறைக்காரர். மாறியது அந்த 'ண்ணே' அளவுதான். துணிக்காரம்மா அதையும் விடவில்லை. "பாருடா, ஆறு வருஷத்துல ஒரு வார்த்த பேசிட்டாரு, இன்னும் ஆறு வருஷத்துல ரெண்டாவது வரும்" என்றாள்.

அவ்வளவு காலம் ஆகவில்லை. அடுத்த வருடம் தங்கைக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. தனியாக இருக்க முடியாது, என்னோடு வந்து இரு அண்ணா என்று அழைத்தாள். வேலை லேப்டாப்போடு எங்கும் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பையோடு கிளம்பினார். ஏழு வருடத்துக்கு மேல் இருந்த ஆளுக்கு இரண்டு பை.

போகிறவர்கள் அறையை அட்டைப்படி சரிபார்ப்பது வழக்கம். சாவியண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். கட்டில் ஒன்று. மெத்தை ஒன்று. தலையணை ஒன்று. அறைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கோப்பை ஒன்று என்பதோடு அட்டை முடிந்தது. மேசைக்கு அடியில் பலகை இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் சாவியண்ணன். தங்கை வீட்டில் நாற்காலி தாழ்வு, அங்கே தேவைப்படாது என்றார் அவர். சாவியை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் போகாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அட்டையில் எழுத முதலாளியின் கையெழுத்து வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அந்த முதலாளியிடம் சாவியண்ணன் 'சரிங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசி ஏழு வருடம் ஆகிறது என்பதும் தெரியும்.

"அண்ணே, முதலாளிகிட்ட நீங்களே நேர்ல கேளுங்க. எழுதிக் குடுக்காதீங்க. கேட்டு, அந்த அட்டையில கீழ ஒரு வரி சேத்துடுங்க. கால்பலகை ஒண்ணு."